தெருவின் உரிமையும் நாவின் அமானிதமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு பெரம்பலூரில் பேருந்து ஏறி அரியலூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். நமக்கு முன் இருக்கையில் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவரும், நெற்றியில் திருநீறு பூசிய விவசாயி ஒருவரும் உட்கார்ந்திருந்தனர். இருவரும் நெடுநாள் பழக்கம் உள்ளவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர் இவரை 'பாய்' என்றார். இவர் அவரை 'மாமா' என்றார். சின்ன வெங்காய விலையில் தொடங்கிய பேச்சு, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்குப் போய், மழைக்குப் போய், தேர்தலுக்கு வந்தது. அதுவரை இருவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

அப்போது பக்கத்து இருக்கையிலிருந்த இளைஞர் ஒருவர், தம் கைப்பேசிக்கு வந்திருந்த செய்தி ஒன்றை உரக்கப் படித்தார். அதில் வி.களத்தூர் கோயில் ஊர்வல வழக்கைப் பற்றிய பேச்சு வந்தது. "உங்க ஆளுங்க சாமியை மறிச்சாங்களே, அது நியாயமா பாய்?" என்றார் விவசாயி. "உங்க ஆளுங்க பண்றதெல்லாம் மட்டும் நியாயமாக்கும்?" என்றார் பெரியவர். பாயும் மாமாவுமாக ஏறிய இருவரும் 'உங்க ஆளுங்க', 'எங்க ஆளுங்க' ஆகிவிட்டார்கள். அரியலூரில் இறங்கும்போது "போயிட்டு வர்றேன்" என்ற ஒரு சொல்கூட இருவருக்கும் இடையில் நடக்கவில்லை.

நாமும் அங்கே வாய் திறக்கவில்லை. பேசினால் வம்பு வரும் என்று இருந்துவிட்டோம். இரவு படுத்த பிறகு அந்த மௌனம் நம்மை உறுத்தியது. அரசியலைப் பற்றியும், மார்க்கத்தைப் பற்றியும், பழக்கவழக்கங்களைப் பற்றியும் அண்டை அயலாருடன் எப்படிப் பேசுவது என்பதை நம் மார்க்கம் கற்றுத் தரவில்லையா? தந்திருக்கிறது. நாம்தாம் அதை உளூவையும் நோன்பையும் படித்ததுபோல் படிக்காமல் விட்டுவிட்டோம். ஆகவே இம்மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொள்வோம்.

தெருவில் பேசுவோருக்குச் சொல்லப்பட்ட ஹதீஸ்

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம், பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளும்படிச் சொன்னார்கள். அதற்கு ஸஹாபாக்கள், அவ்விடங்களை விட்டால் தங்களுக்கு வேறு வழியில்லை, அங்கேதான் தாங்கள் கூடிப் பேசிக்கொள்கிறோம் என்று முறையிட்டனர். அப்படியாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த உரிமை எது என்று கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விளக்கினார்கள். அபூஸயீத் அல்-குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்த இந்த ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மனிதர்கள் கூடிப் பேசத்தான் செய்வார்கள் என்பதை மார்க்கம் ஒப்புக்கொள்கிறது. தேநீர்க் கடையையும் திண்ணையையும் பேருந்தையும் மூடிவிடும்படி அது சொல்லவில்லை. இரண்டு, அந்த இடம் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. தெருவுக்கு ஓர் உரிமை உண்டு. அந்த உரிமையை அதில் நடக்கும் அனைவர்க்கும் நாம் கொடுத்தாக வேண்டும். தொல்லை தராதிருப்பது என்ற சொல்லில் கை, கால், நாவு மூன்றும் அடங்கும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று படித்திருக்கிறோம். பாதையில் நின்று முள்ளான சொல்லை வீசுகிறவன் அந்தக் கிளையை என்ன செய்கிறான் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் நல்லதைப் பேசட்டும், இல்லையேல் மௌனமாக இருக்கட்டும் என்ற கருத்துடைய ஹதீஸையும் நாம் அறிவோம். பலர் அதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நல்லது பேச முடிந்த இடத்தில் பேசுவதே முதற்கடமை. அன்று பேருந்தில் நாம் இருந்த மௌனம் பேணுதலால் வந்ததன்று, கோழைத்தனத்தால் வந்தது. அதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

அரசியல் பேசும்போது

பெரம்பலூருக்கு வடக்கே சென்னை செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகில் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. 1751-இல் அக்கோட்டையையும் வாலிகண்டபுரத்தையும் ஒட்டி ஒரு போர் நடந்தது. ஆற்காட்டு நவாபு பதவிக்காக ஒரு பக்கம் சந்தா சாஹிபு, மறுபக்கம் முஹம்மது அலீ. முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. பின்னவருக்கு ஆங்கிலேயர் துணை. இரு தலைவர்களும் கலிமாச் சொன்னவர்களே. இரு படைகளிலும் எல்லா மதத்துச் சிப்பாய்களும் இருந்தனர். அந்தச் சண்டை பதவிக்கும் வரிக்கும் நடந்தது, தீனுக்கு நடக்கவில்லை. வரலாற்றில் முஸ்லிம் பெயர் வரும் இடமெல்லாம் இஸ்லாம் என்றும், ஹிந்துப் பெயர் வரும் இடமெல்லாம் ஹிந்து மதம் என்றும் எடுத்துக்கொண்டு சண்டையிடுகிறவர்கள், நம் மாவட்டத்துக் கல்கோட்டையை ஒருமுறை போய்ப் பார்த்து வருவது நல்லது.

அரியலூரை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 23-இல் பெருமழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் உடைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. 140-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அன்று மத்திய ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அவர்கள், பாலத்தைத் தம் கையால் உடைக்கவில்லை. ஆயினும் பொறுப்பு தம்முடையது என்று பதவியை விட்டு விலகினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பிலுள்ளவற்றைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற ஹதீஸை மேடைதோறும் சொல்கிற நாம், இந்தச் செயலைக் கேட்டதும் அதில் நமக்குத் தெரிந்த பாடத்தைக் காண வேண்டாமா? நல்ல செயலை யார் செய்தாலும் நல்லது என்று சொல்லும் நேர்மைதான் அரசியல் பேச்சின் முதல் ஒழுக்கம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிடலாகாது என்ற கருத்தை அல்-மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் நமக்குக் கட்டளையாகவே சொல்கிறது.

ஆகவே ஒரு தலைவரைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் எந்த மதம், எந்தச் சாதி என்று தொடங்காதீர்கள். அவர் செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன, நம் ஊர் ஏரிக்கும் சாலைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் என்ன நடந்தது என்று பேசுங்கள். அப்படிப் பேசினால் 'பாய்' என்றும் 'மாமா' என்றும் அழைத்துக்கொள்ளும் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் இருவர் வயலும்தானே காய்கிறது!

கேட்டதையெல்லாம் பரப்புவது

பேருந்தில் அந்த இளைஞர் படித்த செய்தி எங்கிருந்து வந்தது? அதை எழுதியவர் யார்? அவருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்துடைய ஹதீஸை இமாம் முஸ்லிம் அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள். அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படிக் கட்டளையிடுகிறது. விசாரிக்காவிட்டால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரும் என்று காரணத்தையும் சொல்கிறது.

அந்த வருத்தம் எப்படி இருக்கும் என்பதை நம் பக்கத்து நாடான இலங்கை கண்டது. 2018 பிப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் சாப்பிட வந்தவர்கள், குழம்பில் கிடந்த கட்டி ஒன்றைக் காட்டி, இது மலட்டு மாத்திரையா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர், கேள்வி விளங்காமல், தயங்கித் தயங்கி ஆமாம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அது வெறும் மாவுக் கட்டி என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் பெருங்கலவரம் மூண்டது. அந்நாட்டு அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் சில நாள்கள் முடக்க வேண்டியதாயிற்று. இரு மனிதர்கள் ஒருவர் மொழியை ஒருவர் விளங்கிப் பேசியிருந்தால் அந்த மாவுக் கட்டி மாவுக் கட்டியாகவே போயிருக்கும்.

நம் நாட்டிலும் 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, டில்லி நிஜாமுத்தீனில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரைக் காட்டி, ஒரு சமுதாயமே நோயைப் பரப்புகிறது என்ற பேச்சு ஊரெங்கும் ஓடியது. காய்கறி விற்ற ஏழை முஸ்லிம்களைத் தெருவுக்குள் விடாத ஊர்களும் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அக்கூட்டத்திற்கு வந்த வெளிநாட்டினர் மீது போடப்பட்ட வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்ற கருத்தைச் சொன்னது. வதந்தியால் அடிபட்ட சமுதாயம் நம்முடையது. அப்படி அடிபட்டவர்களே, பிறரைப் பற்றி வரும் ஒரு செய்தியை விசாரிக்காமல் விரல் நுனியால் தள்ளிவிடலாமா? பொய் நம்மைப் பற்றியதாக இருந்தால் பொய், பிறரைப் பற்றியதாக இருந்தால் செய்தி என்று ஷரீஅத்தில் இல்லை.

மார்க்கம் பேசும்போது

மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகிய இரு நபிமார்களையும் ஃபிர்அவ்னிடம் அனுப்பியபோது, அவனிடம் மென்மையான சொல்லைச் சொல்லும்படி அல்லாஹுத்தஆலா பணித்ததை தாஹா அத்தியாயத்தின் 44-ஆம் வசனத்தில் ஓதுகிறோம். நம்முடன் பேசுகிறவர் ஃபிர்அவ்னை விடக் கெட்டவரல்லர்; நாம் மூஸா நபியை விடச் சிறந்தவர்களுமல்லர். பிறகு ஏன் குரலை உயர்த்துகிறோம்? அந்நஹ்ல் அத்தியாயத்தின் 125-ஆம் வசனமும், ஹிக்மத்தைக் கொண்டும் அழகிய உபதேசத்தைக் கொண்டும் அழைக்கும்படியும், வாதிடுவதானால் மிக அழகிய முறையில் வாதிடும்படியும் சொல்கிறது.

அல்-அன்ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனம் நம் காலத்திற்கு மிகவும் அவசியமானது. பிற மதத்தினர் அழைத்து வணங்குபவற்றை ஏசக்கூடாது என்று அது தடுக்கிறது. ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசிவிடுவார்கள் என்று காரணமும் கூறுகிறது. நம் ஏச்சு நம்மிடமே திரும்பி வரும். அது வந்து தாக்கும் இடம் நாம் உயிரினும் மேலாக மதிக்கும் இடம். தவ்ஹீதில் உறுதியாக இருப்பது வேறு. பிறர் தெய்வத்தைக் கேலி செய்வது வேறு. முன்னது ஈமான். பின்னது குர்ஆன் தடுத்த செயல்.

மதரஸாவில் முனாழரா என்னும் வாதக் கலையை ஓதிய நாள்களில், நம் உஸ்தாது அவர்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பண்பை அடிக்கடி நினைவூட்டுவார்கள். இமாமவர்கள் யாருடன் வாதிட்டாலும், உண்மை தம் நாவிலிருந்துதான் வெளிவர வேண்டுமென்று ஆசைப்பட்டதில்லையாம். எதிரில் இருப்பவர் நாவிலிருந்து வெளிவந்தாலும் மகிழ்ந்தவர்களாம். அப்படி ஒரு மனத்துடன் உட்கார்ந்தால் அது உரையாடல். ஜெயிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் அது சேவல் சண்டை.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றார்கள். அது யூதருடையதாயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர் அன்றோ என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இதுவும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. எழுந்து நின்றதால் நாயகம் (ஸல்) அவர்களின் தீனில் எதுவும் குறையவில்லை. தெருவில் ஓர் உயிர் கடந்து போகும்போது அதற்குரிய கண்ணியம் கொடுக்கப்பட்டது; அவ்வளவுதான். இந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கலாச்சாரம் பேசும்போது

நம் பகுதியில் லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகாத குடும்பம் அரிது. போனவர்கள் பணத்தோடு பழக்கங்களையும் கொண்டு வருகிறார்கள். மூன்று ஆண்டு கழித்து வந்த மகன், பெற்ற தாயைப் பார்த்து, "நீங்க சேலை கட்றது சரியில்லம்மா, அது அவங்க உடுப்பு" என்கிறான். வீட்டில் அன்று சோறு இறங்குவதில்லை. இதுவும் நாம் நேரில் கேட்ட வழக்குதான்.

ஃபிக்ஹு நூல்களில் வணக்கம் என்றும் வழக்கம் என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வணக்கத்தில் கூட்டவோ குறைக்கவோ நமக்கு அதிகாரமில்லை. வழக்கத்தில், மார்க்கம் தடுக்காத வரை ஊராரின் பழக்கமே தீர்ப்பளிக்கும் என்பது ஃபுகஹாக்கள் ஒப்புக்கொண்ட ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும், அது மார்க்கம். அதைச் சேலையாலும் துப்பட்டியாலும் மறைப்பதா, அபாயாவால் மறைப்பதா என்பது வழக்கம். நம் முன்னோர்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் என்று வைத்துக்கொண்டார்கள். உமறுப்புலவர் நாயகத்தின் வாழ்வைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடினார். அவர்கள் யாரும் தமிழராக இருந்ததால் முஸ்லிமாக இருப்பதில் குறைந்துபோகவில்லை.

மறுபுறம் பார்த்தால், மார்க்கம் தெளிவாகத் தடுத்த கைக்கூலியை மட்டும் 'ஊர் வழக்கம்' என்று பிடித்துக்கொண்டிருக்கிறோம்! மஹர் கொடுக்க வேண்டியவன் கை நீட்டி வாங்குகிறான். அம்மாவின் சேலையைக் குறை கண்ட மகன், தன் நிக்காஹ் பேச்சில் கைக்கூலியைக் குறை காண்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். கலாச்சாரத்தைப் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கினால் மிக்க பலன் உண்டு.

இனி, வி.களத்தூர்

பேருந்தில் பேச்சை முறித்த ஊருக்கு இப்போது வருவோம். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள வி.களத்தூர், முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். அங்குள்ள கோயில்களின் மூன்று நாள் திருவிழா ஊர்வலங்கள் 2011 வரை தெருக்கள் வழியாக நடந்து வந்தன என்றும், 2012 முதல் முஸ்லிம்கள் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது என்றும் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திற்குப் போயிற்று. 2021-இல் நீதியரசர்கள் என்.கிருபாகரன், பி.வேல்முருகன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். ஒரு பகுதியில் ஒரு மதத்தார் பெரும்பான்மையாக இருக்கிறார்கள் என்பதற்காக, மற்ற மதத்தாரின் ஊர்வலத்தைப் பொதுத் தெருவில் தடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த ஆட்சேபத்தை ஒப்புக்கொண்டால், நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எந்த விழாவும் ஊர்வலமும் நடத்த முடியாத நிலை வரும் என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

கண்ணியத்திற்குரிய வாசகர்களே! இந்தக் கடைசி வாதத்தை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அது நமக்கு எதிரான வாதமன்று. நம்மைக் காக்கும் வாதம். நம் ஜனாஸாவைத் தூக்கிச் செல்லும் தெருக்கள், பெருநாள் தொழுகைக்குத் தக்பீர் சொல்லிக்கொண்டு நடக்கும் தெருக்கள், தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் யார் பெரும்பான்மையாக வாழும் தெருக்கள்? நமக்கு எந்த உரிமையை வேண்டுகிறோமோ அதே உரிமையை நாம் பலமாக இருக்கும் ஓர் ஊரில் பிறருக்கு மறுத்தால், அது நீதியுமன்று, புத்தியுமன்று.

"அவர்களுடைய வழிபாடு நம் மார்க்கத்தில் பாவமாயிற்றே, நம் வாசலில் அது போகலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியை அலட்சியம் செய்யக்கூடாது. ஈமான் உள்ள மனத்திலிருந்துதான் அது வருகிறது. ஆனால் பதில் தெளிவாக இருக்கிறது. அந்த வழிபாட்டில் நாம் பங்கு கொள்வது நமக்கு ஆகாது. அவர்கள் தெருவில் போவது நம் செயலன்று. அதற்கு நாம் கேள்வி கேட்கப்பட மாட்டோம். அவரவர் மார்க்கம் அவரவர்க்கு என்று அல்-காஃபிரூன் அத்தியாயம் பிரித்துத் தந்துவிட்டது. மார்க்கத்தின் விஷயத்தில் நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை அல்-மும்தஹினா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் சொல்கிறது. யூதரின் ஜனாஸா போனபோது எழுந்து நின்ற நாயகத்தின் உம்மத்தினர் நாம். தெருவில் தேர் போகும்போது வழிவிட்டு நிற்பதால் நம் ஈமான் தேய்ந்துவிடுமென்றால், தேய்மானம் தேரினால் வந்ததன்று.

இந்தியாவில் ஊர்வல உரிமை பற்றிய பழைய தீர்ப்புகளில் ஒன்று 1924-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்தது. வடநாட்டில் அவுரங்காபாத் என்னும் ஊரில் எழுந்த அந்த வழக்கில் இரு தரப்பாரும் முஸ்லிம்களே! ஷீஆக்களின் முஹர்ரம் ஊர்வலம் பள்ளிவாசலருகே வருவதை ஸுன்னிகள் ஆட்சேபித்தனர். பொதுப் பாதையில் உரிய முறையோடு ஊர்வலம் போக உரிமை உண்டு, அது அதிகாரிகளின் ஒழுங்குக்கும் பொதுமக்களின் உரிமைக்கும் கட்டுப்பட்டது என்று தீர்ப்பாயிற்று. பின்னால் வந்த வழக்குகள் பலவற்றிலும் அது எடுத்துக்காட்டப்பட்டது. ஆகவே இது ஹிந்து - முஸ்லிம் சச்சரவு மட்டுமன்று. பாதையைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரியாத எல்லாருடைய சச்சரவும்தான்.

நியாயம் இரு பக்கமும் சொல்லப்பட வேண்டும். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன் வேண்டுமென்றே நின்று மேளம் கொட்டுவதும், ஏச்சுக் கோஷம் போடுவதும் ஊர்வலத்தின் உரிமையில் அடங்கா. அதைத் தடுக்கக் காவல்துறையும் சட்டமும் இருக்கின்றன. அவற்றை நாடுவது நம் உரிமை. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில், பள்ளிவாசலைத் தாண்டும் வரை மேளத்தை நிறுத்திச் செல்லும் பழக்கம் எந்த நீதிமன்றமும் போட்டதன்று. இரு ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, "மாமா, அந்த நேரத்துல கொஞ்சம்..." என்று சொல்லி, அவர் "அதுக்கென்ன பாய்" என்று சொன்னதால் வந்தது. அந்த ஒரு வாய்ச்சொல் இருக்கும்வரை வக்கீல் தேவையில்லை. அது போன பிறகு எத்தனை தீர்ப்பு வந்தாலும் வழி திறக்கும், மனம் திறக்காது.

அதே தராசில் நம்மையும் நிறுத்துவோம். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் முன் நம் வண்டிகள் தெருவை அடைத்து நிற்கும்போது, பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிவரும் வாகனம் எந்த வழியில் போகும்? தெருவுக்குரிய உரிமையை முதலில் கேட்க வேண்டியது நம்மிடம்தான்.

விட்டுக்கொடுப்பதை இழிவென்று நினைப்பவர்கள் ஹுதைபிய்யாவை நினைக்கட்டும். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு நடந்த அந்த உடன்படிக்கையில், 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லைக் குறைஷியரின் தூதுவர் ஸுஹைல் இப்னு அம்ரு ஏற்க மறுத்தபோது, 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்று எழுத நாயகம் (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். ஸஹாபாக்களின் நெஞ்சம் கொதித்தது. அல்லாஹ்வோ அதன் பிறகு இறக்கிய வசனத்தில் அதைத் தெளிவான வெற்றி என்றான். அந்த ஸுஹைலே பின்னர் இஸ்லாத்தைத் தழுவி ஸஹாபியானார். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் நாளை யாராக இருப்பார் என்பது அல்லாஹ் ஒருவனே அறிந்தது. ஆகவே எவரிடமும் கதவை அறைந்து சாத்திவிட்டு எழக்கூடாது.

நம் வீடுகளில் தொடங்க வேண்டியவை

முதலாவது: பிள்ளைகள் இருக்கும்போது பிற மதத்தாரைக் கூட்டமாகச் சேர்த்து இழித்துப் பேசாதீர்கள். இன்று இரவு சோற்றுத் தட்டின் முன் நீங்கள் சொன்ன சொல், நாளைக் காலை பள்ளிக்கூட வகுப்பில் உங்கள் மகன் வாயிலிருந்து, பக்கத்தில் இருக்கும் நண்பனைப் பார்த்து வெளிவரும். பட்டப்பெயர் சூட்டுவதையும் கேலி செய்வதையும் அல்-ஹுஜுராத் 11-ஆம் வசனம் தடுத்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது: கைப்பேசியில் ஆத்திரமூட்டும் செய்தி வந்தால் ஒரு தொழுகை நேரமாவது அதை அனுப்பாமல் வைத்திருங்கள். அஸருக்கு வந்தது மஃரிபுக்குள் பொய்யென்று தெரிந்துபோவதை நாமே பலமுறை கண்டிருக்கிறோம்.

மூன்றாவது: பக்கத்து வீட்டாருடன் கொடுக்கல் வாங்கலை விடாதீர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான நம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டதைத் திர்மிதீயிலும் அபூதாவூதிலும் காண்கிறோம். நோன்புக் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும் போகும் வீட்டில் சண்டையும் எளிதில் போய்ச் சேராது. அவர்களில் புலால் உண்ணாதவர் இருந்தால் அவருக்கேற்றதை அனுப்புங்கள், அதுவும் மரியாதையே.

நான்காவது: பேச்சு சூடானால் பேச்சை நிறுத்துங்கள், உறவை நிறுத்தாதீர்கள். "இதை அப்புறம் பேசுவோம் மாமா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று கேட்க நமக்கு எந்தச் செலவும் இல்லை. கருத்து வேறுபாட்டோடும் கைகுலுக்கிப் பிரியலாம்.

ஐந்தாவது: ஜமாஅத்துப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவோ பெருநாளோ வருவதற்கு ஒரு வாரம் முன்பே எதிர்த்தரப்புப் பெரியவர்களைத் தேடிப் போய் நேரத்தையும் வழியையும் பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் வரட்டும் என்று காத்திராதீர்கள். ஸலாமில் முந்திக்கொள்பவரே சிறந்தவர் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சமாதானத்திலும் அதே முறையைக் கைக்கொள்வோம்.

நாம் பெரம்பலூர்ப் பேருந்தில் இப்போதும் போய் வருகிறோம். அந்தப் பெரியவரையும் விவசாயியையும் அதன் பிறகு சேர்ந்து காணவில்லை. கண்டால் இம்முறை வாய் மூடியிருக்க மாட்டோம் என்று நிய்யத்து வைத்திருக்கிறோம். பெரிய உபதேசம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. "வெங்காயம் இப்போது என்ன விலை போகிறது?" என்று இருவரையும் பார்த்துக் கேட்போம். விட்ட இடத்திலிருந்து அவர்கள் பேசத் தொடங்கட்டும்.

அல்லாஹுத்தஆலா நம் நாவுகளை நன்மையில் திறப்பானாக! நம் தெருக்களை யாவர்க்கும் அச்சமற்ற தெருக்களாக ஆக்குவானாக! நம் அண்டை அயலாரின் உள்ளங்களையும் நம் உள்ளங்களையும் இணைத்து வைப்பானாக! ஆமீன்.